பழைய தங்க வாட்ச்சை மறுபடி ஓட வைப்பது: முதன்முறை பிரிப்பவர்களுக்கு

பெரியப்பாவின் வாட்ச் பல வருடங்களாக ஒரு டப்பாவில் கிடந்தது. 18 காரட் தங்கக் கேஸ், சாவி கொடுக்கும் வகை, உள்ளே 17 கல் (தேய்மானம் குறைக்கும் பொடி மாணிக்கக் கற்கள்). கண்ணாடியில் விரிசல், பின்மூடியில் ஓர் ஒடுக்கு, சாவித் தண்டு துருவேறி இறுகியிருந்தது, உள்ளே எண்ணெய் எல்லாம் பசையாகக் காய்ந்திருந்தது. இரண்டு மாதம் சாயங்காலங்களில் உட்கார்ந்து சரி செய்தேன், இப்போது தினமும் கட்டுகிறேன். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மூன்று வாரம் நின்றுபோனேன், நீங்கள் அங்கே நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கு மட்டும்தான் இது பொருந்தும், பேட்டரி வாட்ச் வேறு கதை.

முதலில் என்ன தங்கம் என்று பாருங்கள்

பின்மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. பழைய ஸ்விஸ் 18 காரட் கேஸ்களில் ஒரு பெண்ணின் தலை பொடியாக முத்திரை குத்தியிருக்கும், 14 காரட்டுக்கு அணில். மைக்ரான் கணக்கு ஏதாவது போட்டிருந்தால் அது முலாம். ‘கோல்ட் ஃபில்டு’, ‘ரோல்டு கோல்ட்’ என்று இருந்தால் மட்ட உலோகத்தின் மேல் மெல்லிய தங்கத் தகடு ஒட்டியது. கேஸுக்கு எவ்வளவு பாலிஷ் தாங்கும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. முழுத் தங்கம் கொஞ்சம் தேய்ந்தாலும் தங்கமாகவே இருக்கும். 20 மைக்ரான் முலாம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, மெஷினில் ஒரு தடவை காட்டினால் மூலைகளில் பித்தளை எட்டிப் பார்க்கும். சந்தேகமாக இருக்கிறதே என்று கேஸை உரைகல்லில் உரசிவிடாதீர்கள்.

இன்னொன்று, டயலிலோ முள்ளிலோ பழுப்பேறிய ஒளிரும் பூச்சு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 1960கள் வரைக்கும் வந்த வாட்ச்களில் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், ஒளிர்கிற பொருள்தான் வீணாகியிருக்கும், ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம். அதைச் சுரண்டினால் வரும் தூசி மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட வாட்ச்சை முதல் வாட்ச்சாக எடுக்காதீர்கள்.

சாமான்கள்

காசு செலவழிக்க வேண்டியது ஸ்க்ரூடிரைவரில். திருகின் வெட்டும் டிரைவரின் அலகும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அகலம் குறைந்த அலகு வெட்டைக் கடித்துத் துப்பிவிடும், அந்தக் காயம் கடைசிவரை தெரியும். நான் பெர்ஜியான் செட் வைத்திருக்கிறேன், ஆனால் எதை வாங்கினாலும் அலகை எண்ணெய்க் கல்லில் தீட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ட்வீசரைப் பொறுத்தவரை, எல்லோரும் கூர்மையான ஸ்டீல் ட்வீசரைச் சொல்வார்கள், நான் ஆரம்பத்துக்குப் பித்தளையைத்தான் சொல்வேன். அழுத்தினால் பாகம் தெறித்துப் பறக்காது, கீறாது, காந்தமும் ஏறாது. எண்ணெயில் மோபியஸ் கம்பெனியின் 9010, டி5 இரண்டும், வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்குக்கு 8200 கிரீஸும் போதும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தட்டு முழுக்கப் பரவிவிடும்.

பிரிப்பது

ஒவ்வொரு பாகம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ. சும்மா நாலு படம் அல்ல, ஒவ்வொரு திருகுக்கும்.

முதல் வேலை ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்குவது. சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, பெரிய ராட்செட் சக்கரத்தின் பல்லில் மாட்டியிருக்கும் கிளிக் என்ற சின்னக் கொக்கியை விலக்கி, சாவி விரலுக்குள் மெதுவாகத் திரும்பும்படி விடுங்கள். இதைச் செய்யாமல், சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி விடும் பேலட் ஃபோர்க்கை எடுத்தால் சக்கரங்கள் எல்லாம் ஒரே நொடியில் சுழன்று பிவட்டை, அதாவது அச்சின் மெல்லிய முனையை, உடைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தை எடுத்த பிறகு, ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன், இன்னொரு முறை இறக்கிப் பாருங்கள். மிச்ச இறுக்கம் ஒளிந்துகொண்டிருக்கும்.

சாவித் தண்டை எடுக்க, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் டயலுக்கு அடியில் இருக்கும் செட்டிங் லீவர் நழுவிவிடும், அப்புறம் டயலை எடுக்காமல் தண்டு திரும்பிப் போகாது. என் வாட்ச்சில் துரு இருந்ததால் துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டை ஊசி முனையில் வைத்து ஒரு ராத்திரி விட்டேன், காலையில் வந்துவிட்டது. தண்டின் கழுத்தைத் துரு அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே மெயின் தட்டில் கேலிபர் எண் (உள்ளே இருக்கும் மெஷினின் மாடல் எண்) குத்தியிருக்கும், அந்த எண்ணை வைத்துத் தேடினால் பாகம் கிடைக்கும். டயலில் இருக்கும் பெயரை வைத்துத் தேடிப் பிரயோஜனம் இல்லை.

முட்களை எடுக்கும்போது டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெம்புங்கள். டயலைத் துடைக்க வேண்டாம். ஈரத்துணி, எச்சில், சோப்பு எதுவுமே வேண்டாம், அந்த எழுத்துகள் ஒரு தடவலில் போய்விடும், போனது போனதுதான். காற்றை ஊதும் பல்பு போதும். வயதான டயலின் கறை அந்த வாட்ச்சுக்குச் சொந்தமானது. புதிதாகப் பெயின்ட் அடித்த டயலை விட அதுதான் எனக்குப் பிடிக்கும், வாங்குபவர்களும் அதைத்தான் மதிக்கிறார்கள்.

சாவித் தண்டுக்கும் ராட்செட் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கிரவுன் சக்கரத்தின் திருகு பல வாட்ச்களில் இடதுகைத் திருகு. அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். திருகின் தலையில் ஒன்றுக்குப் பதில் மூன்று கோடு இருந்தால் அது உங்களுக்கான எச்சரிக்கை, ஆனால் எல்லோரும் அப்படிக் கோடு போடவில்லை. இறுக்கமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையை மாற்றிப் பாருங்கள்.

கழுவுவது, நான் நின்றுபோன இடம்

தட்டுகள், சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் பிரிட்ஜ்கள், சக்கரங்கள், திருகுகள் எல்லாவற்றையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறப் போட்டேன். அழுக்கு அழகாகக் கரைந்தது. அதே கிண்ணத்தில் பேலட் ஃபோர்க்கையும் போட்டேன், ஒரு ராத்திரி முழுக்க. எல்லாம் காய்ந்து, பூட்டி, எண்ணெய் வைத்து, சாவி கொடுத்தால் நாலைந்து டிக், அப்புறம் நிற்கும். தட்டினால் இன்னும் நாலு டிக். மறுபடி பிரித்தேன், மறுபடி கழுவினேன், எண்ணெய் அதிகமோ என்று துடைத்தேன், மெயின் ஸ்பிரிங் புதிதாகப் போட்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு நாள் ஃபோர்க்கை லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் அதன் இரண்டு சிவப்புக் கற்களில் ஒன்று உள்ளே தள்ளிப் போயிருப்பது தெரிந்தது. ட்வீசர் முனை பட்டதும் அசைந்தது.

காரணம் எளிமையானது. அந்தக் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு. ஆல்கஹாலில் அரக்கு கரையும், மரத்துக்கு அரக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்கள். பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் ஃபோர்க்கைத் தட்டும் ஒற்றைக் கல்லும் அரக்கில்தான் நிற்கிறது. அதனால் ஃபோர்க், பேலன்ஸ் இரண்டையும் ஆல்கஹாலில் ஊறப் போடாதீர்கள். லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவில் இரண்டு நிமிடம் ஆட்டி எடுத்துக் காய விட்டால் போதும், அது அரக்கைத் தொடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கல் நகர்ந்துவிட்டால், சூடாக்கிப் புதிய அரக்கு வைத்து ஒட்டலாம். ஆனால் ஃபோர்க் நிறுத்தி விடும் எஸ்கேப் சக்கரத்தின் பல்லில் அது எவ்வளவு ஆழம் பிடிக்க வேண்டும் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, முதல் வாட்ச்சில் செய்கிற வேலை அல்ல. நான் அதே கேலிபர் எண்ணில் ஓடாத மெஷின் ஒன்றை வாங்கி அதிலிருந்த ஃபோர்க்கைப் போட்டேன். பூட்டி முடித்து இரண்டு சுற்று சாவி கொடுத்ததும் பேலன்ஸ் தானாக ஆடத் தொடங்கியது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பூட்டுவதும் எண்ணெயும்

சக்கரங்களை வைத்து மேல் பிரிட்ஜைப் போடும்போது எல்லாப் பிவட்டும் கல் ஓட்டைக்குள் உட்கார்ந்த பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். முதல் சக்கரத்தை விரலால் தொட்டால் கடைசிச் சக்கரம்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் திருகைத் தளர்த்திவிடுங்கள். வேகமாகச் சுற்றும் பிவட்களுக்கும் பேலன்ஸ் கற்களுக்கும் 9010, மெதுவாகச் சுற்றும் நடுச் சக்கரத்துக்கும் சாவிப் பக்கத்துக்கும் டி5. கல்லின் குழியில் பாதி நிறைந்தால் போதும். பேலட் ஃபோர்க்கின் பிவட்டுக்கு எண்ணெய் வைக்கவே கூடாது.

கேஸ்

ஒடுக்கு எடுக்கச் சுத்தியல் வேண்டாம். பின்மூடியை முகம் கீழே இருக்கும்படி தோல் துண்டு மேல் வைத்து, உருட்டி மழித்த கெட்டி மரக்குச்சியால் உள்ளிருந்து, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வட்ட வட்டமாக அழுத்துங்கள். தங்கம் இளகியது, கேட்கும். முத்திரை இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பின்மூடியில் யாராவது பெயர் பொறித்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பெரியப்பாவின் பெயரின் முதல் எழுத்து மேல் ஒரு கீறல் இருக்கிறது, அப்படியே வைத்திருக்கிறேன்.

பாலிஷுக்குத் துணி மட்டும். மெஷின் வீல் வார் மாட்டும் காதுகளின் விளிம்பை உருண்டையாக்கிவிடும், அதற்குப் பிறகு அது எந்தக் காலத்து வாட்ச் என்றே முகம் மாறிவிடும். காது உடைந்திருந்தால் ஈயப் பற்று வைக்க விடாதீர்கள். ஈயம் தங்கத்தில் கலந்து அதை நொறுங்கச் செய்யும், பின்னால் முறையாகத் தங்கப் பற்று வைக்கச் சூடாக்கும்போது அந்த இடம் அரித்து ஓட்டையாகிவிடும். லேசர் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

கண்ணாடி அக்ரிலிக்காக இருந்து கீறல் மட்டும் என்றால் பாலிவாட்ச் என்ற பாலிஷ் பசை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் தெளியும். விரிசல் என்றால் மாற்ற வேண்டும், கேஸின் உள்வட்டத்தை வெர்னியரில் 0.1 மில்லிமீட்டர்வரை அளந்து வாங்குங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு வாட்ச் ஓடுகிறது ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்துகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அநேகமாகக் காந்தம் ஏறியிருக்கும், பேலன்ஸோடு சேர்ந்த மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் இறக்கும் கருவியில் ஒரு தடவை காட்டுங்கள். அதன் பிறகும் ஒட்டினால் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது, நாப்தாவில் கழுவ வேண்டும்.

இன்னொருவருக்கு உள்ளே டிக் டிக் கேட்கிறது, முள் மட்டும் நகரவில்லை. நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது, அதைப் பழையபடி இறுக்க வேண்டும்.

திருகு உடைந்து பித்தளைத் தட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்று மூன்று பேர் கேட்டார்கள். தட்டில் இருக்கும் மற்ற ஸ்டீல் பாகங்கள் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, படிகாரத்தைத் தண்ணீரில் நிறையக் கரைத்துத் தட்டை அதில் போட்டு மிதமான சூட்டில் வையுங்கள். படிகாரம் ஸ்டீலைத் தின்றுவிடும், பித்தளையை விட்டுவிடும். ஒரு நாள் இரண்டு நாள் ஆகலாம், தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள்.

ஓட்டத்தை எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு: இப்படிப்பட்ட பழைய வாட்ச்களில் நிறைய மணிக்கு 18,000 அடி, அதாவது நொடிக்கு ஐந்து டிக். டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் அதைத் தேர்ந்தெடுத்து, டயல் மேல் பார்த்தபடி படுக்க வைத்து, முழுச் சாவியில் பாருங்கள். பேலன்ஸின் வீச்சு 250 டிகிரிக்கு மேல் இருந்தால் எனக்குத் திருப்தி. என்னுடையது 265 காட்டுகிறது, ஒரு நாளைக்கு 20 நொடி முந்துகிறது, காலையில் சாவி கொடுக்கும்போதே சரி செய்துகொள்கிறேன். கை கழுவும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், இந்தக் கேஸ்களில் தண்ணீரைத் தடுக்க எதுவுமே கிடையாது.