மாணவர் நெருக்கடி உதவி: பொறுப்பு கைமாறும் இடங்களைக் கவனியுங்கள்

பல்கலைக்கழகத்தில் நெருக்கடி உதவி சறுக்குவது பெரும்பாலும் பொறுப்பு கைமாறும்போதுதான். விடுதிக் காப்பாளரிடமிருந்து ஆலோசகருக்கு, பகல் ஆளிடமிருந்து இரவு ஆளுக்கு, மருத்துவமனையிலிருந்து மறுபடி விடுதி அறைக்கு. சொல்லியாகிவிட்டது என்று ஒருவர் நினைப்பார், அவர் பார்த்துக்கொள்வார் என்று இன்னொருவர் நினைப்பார். மாணவர் நடுவில் தனியாக நிற்பார். மாணவர் நெருக்கடி உதவிப் பிரிவுக்குத் தலைமை ஏற்பவர் முதலில் செய்ய வேண்டியது, இந்த இடைவெளிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரை எழுதுவது. துறையின் பெயரோ பதவியின் பெயரோ போதாது.

அழைப்பை எடுப்பவர்

24 மணி நேரமும் ஒரே தொலைபேசி எண். அது மேசைத் தொலைபேசியாக இருக்கக் கூடாது. அன்றைய பொறுப்பாளரின் கைபேசிக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் அவர் எடுக்காவிட்டால் அழைப்பு தானாகவே இரண்டாமவருக்கு மாறட்டும். விடுமுறை நாளில், நள்ளிரவு தாண்டி நீங்களே அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். பகலில் செய்யும் சோதனையில் எல்லாமே சரியாக வேலை செய்யும்.

பொறுப்பாளருக்கு எழுத்துபூர்வமான அதிகாரமும் தேவை: பூட்டிய அறையைத் திறக்கச் சொல்ல, ஆம்புலன்ஸை அழைக்க, குடும்பத்துக்குத் தகவல் சொல்ல, அன்றிரவுக்கு மாற்று அறை ஏற்பாடு செய்ய. இதற்கெல்லாம் மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமென்றால் அவர் தகவல் கடத்துபவர்தான். ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் இரவுப் பொறுப்பு தராதீர்கள்.

எது எவ்வளவு அவசரம்

மூன்று நிலை போதும். தற்கொலை முயற்சி நடந்திருந்தாலோ, திட்டமும் வழியும் கையில் இருந்தாலோ, அளவுக்கு மீறி மருந்து உட்கொண்டிருந்தாலோ, நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலையில் இருந்தாலோ அது உடனடி. அவசர மருத்துவ உதவி வரும்வரை மாணவரைத் தனியே விடக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, செய்யும் நோக்கம் இல்லை என்றால், அல்லது நெருங்கியவர் இறந்த செய்தி வந்திருந்தால், அன்றே பார்க்க வேண்டும். தேர்வுப் பயம், பணச் சிக்கல், உறவு முறிவு போன்றவை, ஆபத்து இல்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகு, இரண்டு மூன்று நாளுக்குள்.

பாலியல் வன்முறையும் அன்றே பார்க்க வேண்டியதுதான். அதில் கடிகாரமும் ஓடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை 120 மணி நேரம் வரைதான், அதிலும் முந்துவது நல்லது. புகார் கொடுப்பதா என்று முடிவெடுக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் வேறு வேறு என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்கும் விதம்

தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆதாரமற்றது. “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்று கேட்பதுதான் கெடுதல். இல்லை என்ற பதிலைக் கேள்வியே வாயில் வைத்துவிடுகிறது. “தற்கொலை செய்துகொள்ளலாம் என்று நினைத்ததுண்டா?” என்றே கேளுங்கள். தற்கொலை ஆபத்தை மதிப்பிட உதவும் கொலம்பியா அளவுகோலின் சுருக்க வடிவத்தில் ஆறு கேள்விகள் உண்டு: சாக விருப்பம், தற்கொலை எண்ணம், வழி, நோக்கம், திட்டம், முன்பு செய்த முயற்சி. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் நேரே ஆறாவதற்குப் போகலாம். காப்பாளர்களும் இதைக் கற்றுக்கொள்ள முடியும்.

பேச்சைத் தொடங்கும்போதே ரகசியத்தின் எல்லையைச் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை மீறினால், அந்த மாணவர் மறுமுறை வர மாட்டார்.

பாதுகாப்புத் திட்டம்

இனி செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும் கையெழுத்து வாங்குவதும் பயன் தருவதாக ஆதாரம் இல்லை. வாங்குபவரின் மனம்தான் ஆறும். உளவியலாளர்கள் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் வேறு வகை. மாணவரே தன் சொற்களில் ஆறு பகுதிகளை எழுதுவார்:

1. நிலைமை மோசமாவதைக் காட்டும் அறிகுறிகள்
2. தனியாகவே செய்து மனதைத் திருப்பக்கூடியவை
3. கவனத்தை மாற்ற உதவும் ஆட்களும் இடங்களும்
4. வெளிப்படையாக உதவி கேட்கக்கூடியவர்கள்
5. தொழில்முறை உதவியும் அவசர எண்களும்
6. ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைக்கும் ஏற்பாடு

அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் ஆறாவது பகுதி விட்டுப்போகும். உயிரைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உந்துதலின் உச்சம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் பொருள் கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் ஆபத்து குறையும். மாத்திரைகளை யாரிடம் ஒப்படைப்பது, வாரத்துக்கு எத்தனை தருவது என்பதுவரை எழுத வேண்டும். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தத் திட்டத்தோடு தொலைபேசித் தொடர்பும் பெற்றவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்தத் தொலைபேசி அழைப்பும் சிகிச்சையின் பகுதிதான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் ஆபத்து மிக அதிகம். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் அப்போதுதான். வெளியே வருவதற்கு முன்பே, ஏழு நாளுக்குள் அமையும் ஒரு சந்திப்பின் தேதியும் நேரமும் மாணவர் கையில் இருக்கட்டும். முதல் மூன்று நாளுக்குள் உங்கள் பிரிவிலிருந்து ஒருவர் அழைக்க வேண்டும். வருகைப் பதிவு, தேர்வு ஒத்திவைப்பு ஆகியவற்றைப் பிரிவே முடித்துத் தரட்டும். ஆசிரியர்களுக்கு ‘உடல்நலக் காரணம்’ என்ற அளவுக்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

உதவி கேட்டவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பும் வழக்கம் நிர்வாகத்துக்கு வசதியானது. அந்தச் செய்தி விடுதி முழுக்கப் பரவும். அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

ஓர் இறப்புக்குப் பிறகு

மாணவர் ஒருவர் தற்கொலையால் இறந்தால், முதலில் செய்தியை அதிகாரபூர்வமாக உறுதிசெய்யுங்கள். அடுத்து அறைத்தோழர், நெருங்கிய நண்பர்கள், கடைசியாகப் பேசியவர் ஆகியோரிடம் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் உங்களை முந்தும் என்பதால் பொது அறிவிப்பு சில மணி நேரத்துக்குள் வர வேண்டும். அதில் வழிமுறையோ இடமோ அவர் விட்டுச்சென்ற கடிதத்தின் உள்ளடக்கமோ வரக் கூடாது, ஒற்றைக் காரணம் கற்பிக்கவும் கூடாது. இறப்புக்குக் காரணம் தற்கொலை என்று குறிப்பிடலாமா என்று குடும்பத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்தில் இறந்த மாணவருக்கு எந்த அளவில் அஞ்சலி நடக்குமோ அதே அளவில் இதற்கும் நடக்கட்டும். பெரிதாக்கினால் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவரை அது இழுக்கும். முன்பு முயற்சி செய்தவர்களின் பட்டியலை எடுத்து அன்றே ஒவ்வொருவரிடமும் பேசுங்கள்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் கட்டாயக் கூட்டம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. உளவியல் முதலுதவி போதும்: யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, பேச விரும்பினால் கேட்பது, உரிய உதவியோடு இணைப்பது. அறைத்தோழர் அன்றிரவு எங்கே தூங்குவார், இறந்தவரின் பொருள்களை யார் எடுத்துவைப்பார் என்பவையும் உங்கள் பொறுப்பே.

தினமும் 15 நிமிடம்

காலையில் குழு கூடி, இன்னும் முடிவுக்கு வராத ஒவ்வொரு மாணவர் விவகாரத்தையும் பார்க்க வேண்டும். பதிவில் ஐந்து விஷயம் போதும்: நேரம், மாணவர் சொன்னது, எடுத்த முடிவு, அடுத்துச் செய்பவர், எப்போது. ‘தொடர்ந்து கவனிக்கவும்’ என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு ஒரு பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். வேறொரு பிரிவுக்கு அனுப்பியிருந்தால், அங்கே மாணவரைப் பார்த்துவிட்டார்கள் என்று பதில் வரும்வரை அது உங்கள் பட்டியலிலேயே இருக்கட்டும்.