ஃப்ளைவெயிட் என்றால் எத்தனை கிலோ? எடைப்பிரிவுப் பெயரைப் படிக்கும் முறை

தில்லியில் பிள்ளையைக் குத்துச்சண்டைப் பயிற்சியில் சேர்த்துவிட்டு, போட்டி விண்ணப்பத்தில் 'எடைப்பிரிவு' என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று விழிக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். ஃப்ளைவெயிட் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். இது பிடிபட்டால் மற்றப் பெயர்களையும் இதே முறையில் படித்துவிடலாம்.

படி 1: தொழில்முறையா, அமெச்சூரா என்று பாருங்கள்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஃப்ளைவெயிட்டின் உச்சவரம்பு 112 பவுண்டு, அதாவது 50.80 கிலோ. லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909இல் எட்டு எடைப்பிரிவுகளை வரையறுத்தபோது வைத்த அளவு இது. பிரிவுகள் இன்று இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிட்ட போதிலும் இந்த எண் மாறவில்லை. ஒலிம்பிக், ஆசியப் போட்டி, தேசியப் போட்டி, பள்ளிப் போட்டி ஆகியவையெல்லாம் அமெச்சூர் வகையைச் சேர்ந்தவை. அங்கே கணக்கு கிலோவில்தான், அதுவும் அவ்வப்போது மாறும்.

படி 2: ஆண்டையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஃப்ளைவெயிட் ஆண்களுக்கு 52 கிலோ, பெண்களுக்கு 51 கிலோ. பிறகு உலகச் சம்மேளனம் பிரிவுகளைத் திருத்தியபோது, உலகப் போட்டிகளில் ஆண்களுக்கு 51, பெண்களுக்கு 52 என்று அது தலைகீழானது. லண்டனில் பெண்களுக்கு 51, 60, 75 என மூன்றே பிரிவுகள் இருந்ததால், 46, 48 கிலோவில் உலகப் பட்டங்கள் வென்றிருந்த மேரி கோம் தம்மைவிடக் கனமானவர்களோடு 51 கிலோவில் மோத வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் வெண்கலம் வென்றார் என்பதுதான் அந்தப் பதக்கத்தின் அருமை.

இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனை நிகத் ஜரீனின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோ ஃப்ளைவெயிட்டில் உலகப் பட்டம் வென்ற அவர், 2023 மார்ச்சில் நம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்க வளாகத்தில் பட்டம் வென்றது 50 கிலோவில். அது ஃப்ளைவெயிட்டுக்கு ஒரு படி கீழான லைட் ஃப்ளை. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களின் மிகக் குறைந்த எடைப்பிரிவு 50 கிலோ என்பதால் அவர் இறங்கி வந்தார். 2025இல் லிவர்பூலில், வேறொரு சம்மேளனம் நடத்திய உலகப் போட்டியில் 51 கிலோவில் ஆடினார். எனவே ஆண்டைச் சொல்லாமல் 'ஃப்ளைவெயிட் வீராங்கனை' என்று மட்டும் எழுதும் செய்தி அரைகுறைச் செய்திதான்.

படி 3: முன்னொட்டைப் பிரித்துப் படியுங்கள்

'லைட்' என்று முன்னால் வந்தால் பொதுவாக அந்தப் பிரிவுக்கு ஒரு படி கீழே. 'சூப்பர்' என்றால் ஒரு படி மேலே. தொழில்முறையில் லைட் ஃப்ளை 108 பவுண்டு, சூப்பர் ஃப்ளை 115 பவுண்டு. அதே 115 பவுண்டைச் சில அமைப்புகள் 'ஜூனியர் பேண்டம்' என்கின்றன. 118 பவுண்டு பேண்டம் பிரிவுக்கு ஒரு படி கீழே என்று அதற்குப் பொருள். இரண்டு பெயரும் ஒரே பிரிவையே குறிக்கின்றன. 'லைட்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஆள் ஒல்லி என்று முடிவுகட்டிவிடக் கூடாது: லைட் ஹெவி என்பது 175 பவுண்டு, ஏறத்தாழ 79 கிலோ.

படி 4: அந்த எண் எந்த நேரத்து எடை என்று கேளுங்கள்

எடைப்பிரிவு எண் என்பது தராசில் ஏறும் நேரத்து எடைக்கான வரம்பே தவிர, வளையத்துக்குள் நிற்கும்போது உள்ள எடை அன்று. தொழில்முறையில் வழக்கமாக முந்தின நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். ஆகவே 112 பவுண்டு காட்டியவர் தண்ணீரும் சோறுமாக உடலைத் தேற்றிக்கொண்டு மறுநாள் பல பவுண்டு கூடுதலாகவே வந்து நிற்பார். பட்டம் வைத்திருப்பவர் வரம்பைத் தாண்டிவிட்டால் தராசிலேயே பட்டத்தை இழப்பார்.

அமெச்சூரில் சண்டை நாளன்று காலையில் எடை பார்ப்பார்கள். அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் அந்தந்த நாள் காலையில் மறுபடி ஏற வேண்டும். இங்கே கீழ்வரம்பும் உண்டு: 52 கிலோ பிரிவு என்றால் 50க்கு மேல் 52 வரை. மல்யுத்தமே ஆனாலும், 2024 பாரிஸில் வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடியதால் தகுதியிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

படி 5: எழுதும்போது கிலோவையே எழுதுங்கள்

இங்குள்ள பயிற்சியாளர்கள் பெயரைவிட எண்ணையே புழங்குகிறார்கள், 'வஜன் கித்னா?' (எடை எவ்வளவு?) என்று இந்தியில் கேட்டால், அவர்கள் எதிர்பார்ப்பது 'இக்யாவன்' (ஐம்பத்தொன்று) போன்ற ஒரு பதிலைத்தான். நீங்களும் விண்ணப்பத்தில் ஃப்ளை என்று எழுதாமல், போட்டிச் சுற்றறிக்கையில் உங்கள் பிள்ளையின் வயதுப் பிரிவுக்கு அச்சிட்டிருக்கும் கிலோ எண்ணை அப்படியே எழுதுங்கள். சிறுவர், இளையோர், பெரியோர் பட்டியல்கள் வெவ்வேறானவை.

உதாரணமாக, சுற்றறிக்கையில் 48, 50, 52 என்று இருந்து, பெண்ணின் காலை எடை வெறும் வயிற்றில் 50.6 கிலோ என்றால் 52 என்றே எழுதலாம். அறுநூறு கிராமைக் குறைத்து 50இல் நிறுத்த வேண்டும் என்று வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும், வெயிலில் பிளாஸ்டிக் உடுப்போடு ஓடவிடுவதும் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. வீட்டுத் தராசும் போட்டித் தராசும் முன்பின்னாகக் காட்டக்கூடும். ஆகவே முந்தின நாள் மாலையில் அரங்கில் சோதனைத் தராசு வைத்திருந்தால் அதில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.