பாட்டியோட சிலோன் பெட்டி: உள்ள இருக்குற பேப்பரை எப்படிப் படிக்கிறது

எங்க வீட்ல ஒரு தகரப்பெட்டி இருக்கு. நீலகிரில சிலோன்ல இருந்து வந்த குடும்பம்னா (வெள்ளைக்காரன் காலத்துல அங்க தோட்ட வேலைக்குப் போயி, பிற்பாடு இந்தியாவுக்குத் திரும்பினவங்க) பாதிப் பேரு வீட்ல அப்படி ஒன்னு இருக்கும், உள்ள பாட்டியோட பழைய பாஸ்போர்ட், மடிச்சு மடிச்சு மடிப்புலயே கிழிஞ்ச நாலஞ்சு பேப்பர், குடும்ப அட்டை, ஒரு ரசீது, அப்புறம் பாச்சா உருண்டை வாசம். பாட்டி போனப்புறம் சித்தப்பா அதை பழைய பேப்பர்காரருக்குப் போட இருந்தாரு, நான் போய் புடுங்கிட்டு வந்தேன். வந்தேனே தவிர படிக்கத் தெரியல, ரெண்டு வருஷம் சும்மா எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சுட்டேன். அப்புறம் கேட்டு கேட்டு தெரிஞ்சிக்கிட்டதுதான் இது, உங்க வீட்லயும் பெட்டி இருந்தா உதவும்.

முதல்ல கைய வைக்கிறதுக்கு முன்னாடி. லேமினேட் பண்ணாதீங்க, செலோ டேப் ஒட்டாதீங்க, ரெண்டுமே நாளாக நாளாக பேப்பரைக் கெடுத்துடும். பகல் வெளிச்சத்துல ஜன்னல் ஓரமா வச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, பின்பக்கம் காலியா இருந்தாலும் எடுங்க, ஏன்னு கடைசில தெரியும். தகடு, வில்லை மாதிரி ஏதாவது கிடைச்சா புளி போட்டு விளக்கிடாதீங்க.

அடுத்தது, நான் தப்பு பண்ண இடம். பேப்பரை எடுத்ததும் பேரையும் வயசையும் தான் தேடுவோம். வேணாம், தேதியைப் பாருங்க. ஏன்னா இதுல எதுவும் நம்ம ஆளுங்க ஆசைப்பட்டு எழுதி வச்சது இல்ல, ஏதோ ஒரு வருஷம் ஏதோ ஒரு அரசாங்கம் "நீ எந்த நாட்டு ஆளு, நிரூபி"ன்னு கேட்டுச்சு, அதுக்கு இவங்க சொன்ன பதில் தான் இது, கேள்வி மாறுனா பதிலும் மாறும். எங்க தாத்தாவுக்கு மூனு பேப்பர்ல மூனு வயசு. முதல்ல கிழவன் பொய் சொல்லிருக்கான்னு நெனச்சேன், அப்புறம் தான் புரிஞ்சுது, அந்தந்த வருஷத்து சட்டத்துக்கு எது தேவையோ அதை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போட்டுக் குடுத்திருக்காரு.

தேதி அழிஞ்சு போயிருந்தா சில அடையாளம் இருக்கு. தலைப்புல சிலோன்னு இருந்தா 1972 மே மாசத்துக்கு முன்னாடி, ஸ்ரீலங்கான்னு இருந்தா அதுக்கப்புறம் (பழைய ஃபாரம் மிச்சம் இருந்ததை ஓட்டிருப்பாங்க, அதனால இதை மட்டும் நம்ப வேணாம்). தனுஷ்கோடி முத்திரை இருந்தா கண்டிப்பா 1964 டிசம்பருக்கு முன்னாடி, அந்த மாசப் புயல்ல ஊரே போயிடுச்சு, அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துல இருந்து தான் சிலோன் கரையில இருக்குற தலைமன்னாருக்குப் போச்சு. மண்டபம்னு சிலோன் அரசாங்க முத்திரை இருந்தா இன்னும் பழசா இருக்கலாம், அங்க தான் சிலோன் அரசாங்கம் கேம்ப் போட்டு தோட்டத்துக்குப் போற சனங்களை அம்மை, காலரா இருக்கான்னு பாத்து நாள் கணக்குல அடைச்சு வச்சு அனுப்பும். அதே மண்டபத்துல பிற்பாடு தாயகம் திரும்பினவங்களை இறக்குனாங்க, அதுக்கும் பிற்பாடு அகதிகளை வச்சாங்க, இன்னிக்கும் முகாம் இருக்கு. ஒரே இடம், வர்ற சனத்துக்கு பேரு மட்டும் மாறிட்டே இருந்துருக்கு.

ரொம்பப் பழைய பெட்டியா இருந்தா "துண்டு" இருக்கலாம். இது இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. ஒரு தோட்டத்து தொரை (வெள்ளைக்கார மேனேஜர்) எழுதிக் குடுக்குற சீட்டு, இந்தக் கங்காணியோட (ஊர்ல இருந்து ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்து வேலை வாங்குறவரு) ஆளுங்க மேல இவ்வளவு கடன் இருக்கு, இதைக் கட்டுனா ஆளை விடுறேன்னு அர்த்தம். அடுத்த தோட்டத்து தொரை அந்தக் கடனைக் கட்டி ஆளுங்களை எடுத்துக்குவாரு, கடன் மட்டும் சனத்து தலையில கூடவே போகும். 1921ல சட்டம் போட்டு இதை ஒழிச்சாங்க. தகர டிக்கெட்டுன்னு ஒன்னு இருக்கும், கழுத்துல மாட்டுற வில்லை, அதுல ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் அடிச்சிருக்கும், எழுத்து ஜில்லாவுக்கு, ஒரு நம்பர் தோட்டத்துக்கு, இன்னொன்னு ஆளுக்கு. பேரு இருக்காது, தேடி கண்ணைக் கெடுத்துக்காதீங்க.

1939 ஆகஸ்ட்ல இந்தியாவே சிலோனுக்கு கூலி ஆள் போறதைத் தடை பண்ணிடுச்சு, சிலோன் அரசாங்கம் தினக்கூலிக்கு இருந்த இந்தியக்காரங்களை வேலைய விட்டு அனுப்ப ஆரம்பிச்ச கோவத்துல. அதனால உங்க வீட்ல "1945ல தாத்தா முதல் தடவையா தோட்ட வேலைக்குப் போனாரு"ன்னு சொன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க. ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போன பயணமா இருக்கும்.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1948, 49 பேப்பருங்க. இங்க தான் பொறுமையா உக்காரணும்.

சிலோன் 1948 பிப்ரவரில சுதந்திரம் வாங்குச்சு, அந்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு, நம்பர் 18. அங்க பொறந்தவரா இருந்தாலும் பத்தாது, அப்பாவும் அங்க பொறந்திருக்கணும், இல்லன்னா அப்பா வழி தாத்தாவும் பூட்டனும் பொறந்திருக்கணும், அம்மா வழி எல்லாம் செல்லாது. அதையும் பேப்பர்ல காட்டணும். லயத்துல (தோட்டத்து ஆளுங்க இருந்த வரிசை வீடு) பொறந்த பிள்ளைக்கு யாரு பத்திரம் வச்சிருந்தா? பாட்டி பொறந்தது கொழுந்து கூடை பக்கத்துலன்னு சொல்லுவாங்க, அதுக்கு ஏது அத்தாட்சி. ஒரே சட்டத்துல மலையகத்து சனம் (மலைத் தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்க) பெரும்பாலும் நாடற்றவங்களா ஆயிட்டாங்க, அடுத்த வருஷம் பிரஜைக்குத் தான் ஓட்டுன்னு ஆச்சு, 1947ல பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பின சனம் 1952ல ஒருத்தரைக் கூட அனுப்ப முடியல.

பாவம்னு சொல்லி 1949ல இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், நம்பர் 3. கல்யாணம் ஆனவங்க 1946 ஜனவரி 1க்கு முன்னாடி ஏழு வருஷம், ஆகாதவங்க பத்து வருஷம் விடாம அங்க இருந்தேன்னு காட்டணும். நடுவுல ஒரு தடவை பன்னெண்டு மாசத்துக்கு மேல ஊருக்கு வந்துட்டாலும் போச்சு. கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. உங்க பெட்டியில இந்த விண்ணப்பத்தோட நகலோ, கமிஷனர் ஆபீஸ் கடிதமோ, செக்ரோல் (வேலைக்கு வந்த நாளும் கூலியும் எழுதுற பேரேடு) பாத்து தோட்டத்துல எழுதிக் குடுத்த சர்ட்டிபிகேட்டோ இருந்தா தங்கம் மாதிரி வைங்க, ஏன்னா அதுல எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்னு வரிசையா இருக்கும், குடும்பம் நடந்த பாதையே அதுல கிடைச்சிடும். எட்டு லட்சம் பேருக்கு மேல அப்படி எழுதிப் போட்டாங்க, கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்கு. அதனால நிராகரிப்புக் கடிதம் இருந்தா அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல, முழுசா படிங்க, காரணம் எழுதிருப்பாங்க, அந்தக் காரணத்துலயே ஒரு கதை இருக்கும். எங்க தாத்தாவோடதுல "தொடர்ச்சியாக வசிக்கவில்லை"ன்னு இருந்துச்சு. அவங்க அம்மா சாவுக்கு வந்தவரு மழை, காய்ச்சல்னு பதினாலு மாசம் ஊர்லயே தங்கிட்டாராம், அவ்வளவு தான் விஷயம்.

தோட்டத்துப் பேரு குழப்பும், முன்னாடியே சொல்லிடுறேன். தொரைமாருங்க ஸ்காட்லாந்து ஊர் பேரா வச்சிருப்பாங்க, தலவாக்கல பக்கத்துல ஹோலிரூட் மாதிரி, ஆனா நம்ம சனம் அதுக்கு வேற பேரு வச்சு கூப்பிட்டிருக்கும், பாட்டி சொல்ற பேரு மேப்ல இருக்காது. பழைய பெர்குசன் டைரக்டரியில தோட்டத்து இங்கிலீஷ் பேரோட தமிழ்ப் பேரும் போட்டிருப்பாங்க, ஸ்கேன் பிரதி கிடைச்சா அதுல ஒப்பிட்டுப் பாருங்க.

1964 அக்டோபர் 30, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், சிலோன் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த நாடற்ற சனத்தைப் பிரிச்சுக்கப் போட்டது. மொத்தம் 9,75,000 பேருன்னு கணக்கு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சிட்டாங்க, 1974ல அதையும் 75,000, 75,000ன்னு பாதி பாதியா பிரிச்சாங்க. பாகப்பிரிவினைக்கு ஆடு மாடு எண்ணுற மாதிரி தான். இதைப் பேசுனப்ப அந்த சனத்துல ஒருத்தரையும் கேக்கல. இதுல வேடிக்கை என்னன்னா மனு போடச் சொன்னப்ப சுமார் 7 லட்சம் பேரு சிலோன்லயே இருக்கோம்னாங்க, 4 லட்சம் பேரு தான் இந்தியா கேட்டாங்க, ஒப்பந்தம் போட்ட கணக்குக்கு நேர் தலைகீழ்.

அதனால இந்தக் காலத்து பேப்பர்ல ஒரே குடும்பம் ரெண்டா இருந்தா ஆச்சரியப்படாதீங்க. கண்டில இந்திய ஆபீஸ் குடுத்த பாஸ்போர்ட்ல பிள்ளைங்க பேரு எழுதுற பக்கத்தை எண்ணிப் பாருங்க. பாட்டி பாஸ்போர்ட்ல நாலு பிள்ளைங்க, பாட்டி பெத்தது அஞ்சு. பெரியப்பா பேரு இல்ல, அவரு கல்யாணம் கட்டி தனி மனு போட்டு சிலோன் பிரஜை ஆயிட்டாரு. மலையில இருந்து இந்த சனத்தை தலைமன்னாருக்கு ஏத்திட்டுப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேரு (கோச்சின்னா அங்க ரயில்). ஹட்டன் ஸ்டேஷன்ல பெரியப்பா வண்டி கூடவே பிளாட்பாரம் முடியுற வரைக்கும் ஓடி வந்தாருன்னு அப்பா சொல்லுவாரு, கையில ஒரு பாண் ரொட்டியோட, குடுக்க மறந்துட்டு.

இந்தியப் பக்கத்து பேப்பர் சுலபம். தாயகம் திரும்பியோர்னு முத்திரை போட்ட குடும்ப அட்டை, மண்டபத்துல குடுத்த ரசீது, டேன்டீ வேலைச் சீட்டு (1968ல கூடலூர், கோத்தகிரி பக்கம் இந்த சனத்துக்காகவே ஆரம்பிச்ச அரசு தேயிலைத் தோட்டம்), ரெப்கோ பேங்க் (தாயகம் திரும்பினவங்களுக்கான கூட்டுறவு பேங்க்) பாஸ்புக். அங்க இருந்தப்ப கள்ளத்தோணின்னாங்க (திருட்டுத்தனமா தோணில வந்தவன்னு அர்த்தம்), இங்க வந்தா சிலோன்காரன், அது எந்தப் பேப்பர்லயும் இருக்காது, நீங்க தான் எழுதி வைக்கணும்.

ஒரு விஷயத்தை மட்டும் கலக்காதீங்க. 1984ல இலங்கை உள்நாட்டுச் சண்டையால கப்பல் நின்னுடுச்சு. பாஸ்போர்ட்டோட கப்பல்ல வந்தவரு இந்தியப் பிரஜை. 83ல அங்க தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துக்கு அப்புறம் தோணில தப்பி வந்த அவரு கூடப்பொறந்த தம்பி அகதி, ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே லயம், ஆனா தம்பி பேரன் இன்னிக்கும் முகாம்ல குடியுரிமை இல்லாம இருக்கலாம். அப்படிப்பட்ட வீடா இருந்தா இந்தியக் குடியுரிமை கேட்டு கண்டி ஆபீஸ்ல போட்ட பழைய மனுவோட ரசீது ஒரு துண்டு கிடைச்சாலும் அதை ஞாபகப் பொருளா மட்டும் வச்சுக்காம ஒரு நல்ல வக்கீல்கிட்ட காட்டுங்க. அங்கயே தங்கினவங்களுக்கு 1988லயும் 2003லயும் சட்டம் வந்து குடியுரிமைப் பிரச்சனை பெரும்பாலும் தீந்துடுச்சு, 1964 அக்டோபர் 30ல இருந்து அங்கயே இருந்தவங்க, அவங்க வாரிசுன்னு 2003 சட்டத்துல சொல்லிருக்கும், அதே ஒப்பந்தத் தேதி தான்.

பெரியவங்ககிட்ட கேக்கும்போது "எந்த வருஷம்"னு கேட்டா ஞாபகம் இல்லன்னுடுவாங்க. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, தோட்டத்துல மாவும் அரிசியும் கிடைக்காம பட்டினி கிடந்தப்பவா (அது 73, 74), தொரை இருந்தாரா தோட்டத்தை கவர்மெண்ட் எடுத்துடுச்சா, இப்படிக் கேளுங்க, பொலபொலன்னு வரும்.

ஊரைக் கண்டுபிடிக்க பேப்பரை ரொம்ப நம்பாதீங்க, துறையூரை ஒருத்தன் ஒரு மாதிரி எழுதிருப்பான், அடுத்தவன் அதைப் பாத்து இன்னும் கெடுத்திருப்பான். குலதெய்வத்தைக் கேளுங்க, அது மட்டும் நாலு தலைமுறை தாண்டியும் சரியா இருக்கும். எங்க பாட்டி பாஸ்போர்ட்டோட கடைசி அட்டைக்குப் பின்னாடி பென்சில்ல "கருப்பு, ஏரிக்கரை, ரெண்டு புளியமரம்"னு எழுதிருந்துச்சு, அப்பா எழுத்து. அதை மட்டும் வச்சுக்கிட்டு திருச்சி ஜில்லாவுல மூனு ஊரு அலைஞ்சோம். மூனாவது ஊர்ல புளியமரம் ஒன்னு தான் இருந்துச்சு. பூசாரி கோயில் வரி நோட்டை எடுத்துட்டு வந்தாரு, தாத்தா பேரு கீழ இருந்து மூனாவது வரியில, பக்கத்துல "சிலோன் வகையறா, வரி பாக்கி"ன்னு இருந்துச்சு.