கடுங்காய்ச்சலின்போது எடுத்த கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

கடுமையான டெங்குவிலோ கோவிடிலோ எடுத்த ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் சட்டென்று இறங்கியிருந்தால், கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது என்று நினைத்து கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோயின் தாக்கத்தால் வந்த இறக்கம் அது.

ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று முதலில் பாருங்கள். அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தின் அதே நாள் அளவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லுக்கு வாருங்கள். வழக்கமாக ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். கடும் தொற்றில் அதைவிடவும் வெகுவாகச் சரியும். கோவிடில் நோய் முற்றியவர்களிடம் இந்தச் சரிவு கூடுதலாகவே காணப்பட்டது.

கொழுப்பு நீரில் கரையாது. புரதம் போர்த்திய துகள்களில் ஏறித்தான் ரத்தத்தில் போகும். அவற்றில் மிகச் சிறியதான எச்டிஎல், ரத்தக்குழாயின் உட்சுவர் கசியாமல் காக்கும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டையும் சுமக்கிறது. தொற்று கடுமையானால் கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தை ஏராளமாகச் சுரக்கும். அது எச்டிஎல்லில் ஏறி, அங்கிருக்கும் முக்கியப் புரதமான ஏபோ ஏ-1-ஐ வெளியே தள்ளும். ஆகவே அளவு குறைவதோடு, மிஞ்சிய துகள்களும் பழையபடி வேலை செய்வதில்லை. டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதமும் எச்டிஎல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதை எச்டிஎல்லை வைத்துக் கணிக்க முயலாதீர்கள். அதற்கு ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தட்டணுவும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும்தான் வழிகாட்டி.

ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு மட்டும் எதிர்த்திசையில் ஏறும். ஐசியூவில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஓடுகிறதா என்று கேளுங்கள்: அந்த மருந்தே 10 சதவீத சோயா எண்ணெய்க் குழம்பில் கலந்து வருவது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால், மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடும் எல்டிஎல் கணக்கு பிசகும். நேரடி எல்டிஎல் பரிசோதனை கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு 265-க்கு மேல் இருந்து, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினும் எகிறி, ரத்த அணுக்களும் குறைந்து, காய்ச்சலும் விடாமல் அடித்தால் எச்எல்எச் (நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி உடலையே தாக்கும் நிலை) இருக்கிறதா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

கோவிடுக்கு ரிட்டோனாவிர் கலந்த மாத்திரை கொடுக்கும்போது சிம்வாஸ்டேட்டின் கூடவே கூடாது. தசை சிதையும் ஆபத்து உண்டு. மற்ற ஸ்டேட்டின்களை என்ன செய்வதென்று மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

எச்டிஎல் குறைந்துவிட்டதே என்று நெய்யும் முட்டையும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டால் வந்த குறைவல்ல. அழற்சி தணிந்தால் தானே ஏறும். குணமாகி 6 வாரமாவது போன பின், சிஆர்பி இயல்புக்கு வந்ததை உறுதி செய்துகொண்டு மறுபடி பரிசோதியுங்கள். ஸ்டேட்டின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.