சர்வரில் க்ரான் வேலைகள் அளவுக்கு மீறி ஓடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பேக்கப், அப்டேட், பழைய பதிவுக் கோப்புகளை அழிப்பது என்று லினக்ஸ் சர்வரில் தானாக நடக்கும் வேலைகளில் பலவும் க்ரான் தலையில்தான் இருக்கும். சொன்ன நேரம் வந்தால் க்ரான் கட்டளையை ஓட்டிவிடும், அவ்வளவுதான். போன முறை தொடங்கியது முடிந்ததா, இப்போது ஓட்டத் தேவை உண்டா என்றெல்லாம் பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். உபுண்டுவை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: எத்தனை முறை தேவை?

நாளுக்கு ஒருமுறை மட்டும் பதிவு சேரும் டேட்டாபேஸுக்கு 10 நிமிடத்துக்கு ஒரு பேக்கப் எதற்கு? டிஸ்க்தான் நிறையும். வேலை தொடர்புகொள்ளும் வெளிச் சேவையில் வரம்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், அதே தளப் பெயர்களுக்கான சான்றிதழை 7 நாளில் 5 முறைக்கு மேல் தராது. கட்டாயப் புதுப்பிப்பை மணிக்கொரு தரம் ஓடவிட்டால் அரை நாளுக்குள் கதவு சாத்தப்படும். அந்தச் சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் நிரலான செர்ட்பாட் வழக்கமாக நாளுக்கு இருமுறை பார்க்கும், காலாவதி நெருங்கினால்தான் புதுப்பிக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 2: ஐந்து கட்டங்கள்

க்ரான்டேப் கட்டளையை ‘-இ’ ஆப்ஷனுடன் கொடுத்தால் பட்டியல் திறக்கும். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து கட்டங்கள்: நிமிடம் (0–59), மணி (0–23), தேதி (1–31), மாதம் (1–12), கிழமை (0–7, 0, 7 இரண்டுமே ஞாயிறு). அப்புறம் கட்டளை.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்:

* 3 * * *

‘3 மணிக்கு ஒருமுறை’ என்று தோன்றும். ஆனால் நிமிடக் கட்டத்தில் நட்சத்திரம் இருப்பதால் 3:00 முதல் 3:59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக 60 முறை ஓடும். ஒருமுறை போதும் என்றால் 0 3 * * * என்று எழுதுங்கள்.

*/15 * * * * சரியாகக் கால் மணிக்கு ஒருமுறை ஓடும். */45 அப்படியல்ல. ஒவ்வொரு மணியிலும் 0-வது, 45-வது நிமிடத்தில் ஓடும். அதாவது இடைவெளி ஒருமுறை 45 நிமிடம், அடுத்த முறை 15 நிமிடம். 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணையே போடுங்கள்.

தேதி, கிழமை இரண்டையும் நிரப்பினாலும் சிக்கல். 0 3 1 * 0 என்றால் ‘1-ஆம் தேதி ஞாயிறாக இருந்தால்’ என்று பொருள் இல்லை. மாதத்தின் 1-ஆம் தேதியும் ஓடும், எல்லா ஞாயிறும் ஓடும்.

படி 3: சர்வரின் கடிகாரம்

டேட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நடுராத்திரி ஓடட்டும் என்று 30 2 * * * போட்டால், நமக்குக் காலை 8 மணி! ஞாயிறு அதிகாலை 2:30-க்கு ஓட வேண்டுமா? யுடிசியில் அது சனி இரவு 9 மணி. ஆகவே 0 21 * * 6.

படி 4: ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பூட்டுங்கள்

10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒருநாள் 25 நிமிடம் இழுத்தால், அது முடிவதற்குள் இன்னும் இரண்டு தொடங்கிவிடும். மூன்றும் டிஸ்குக்கு அடித்துக்கொள்ளும், எல்லாமே தாமதமாகும். இதற்கு எஃப்லாக் (எழுத்துகள்: எஃப், எல், ஓ, சி, கே) இருக்கிறது:

*/10 * * * * எஃப்லாக் -என் /டிஎம்பி/பேக்கப்.லாக் உங்கள்-கட்டளை

‘-என்’ என்பதை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால், பூட்டு முந்தைய ஓட்டத்தின் கையில் இருக்கும்போது புதியது உடனே விலகிவிடும். இல்லாவிட்டால் வரிசையில் காத்து நிற்கும், கூட்டம் சேரும்.

பூட்டுக் கோப்பை ஸ்கிரிப்டிலேயே உருவாக்கி அழிக்கும் பழைய வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். அந்த முறையில் ஸ்கிரிப்ட் பாதியில் செத்தால் கோப்பு அப்படியே கிடக்கும், யாராவது போய் அழிக்கும்வரை வேலை ஓடாது. எஃப்லாக் முறையில் வேலை செத்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே பூட்டை விடுவிக்கும். கோப்பு கிடந்தாலும் பரவாயில்லை.

படி 5: ‘நாளுக்கு ஒருமுறைதான், ஆனால் தோற்றால் மறுபடி’

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. க்ரானில் 30 2-5 * * * என்று போடுங்கள். 2:30, 3:30, 4:30, 5:30 என நான்கு முறை ஸ்கிரிப்டை அழைக்கும். ஸ்கிரிப்டின் கடைசியில், பேக்கப் வெற்றியானால் மட்டும் டச் கட்டளையால் ஒரு அடையாளக் கோப்பைத் தொடுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஃபைண்ட் கட்டளையின் ‘எம்மின்’ (எழுத்துகள்: எம், எம், ஐ, என்) ஆப்ஷனுக்கு -720 (நிமிடம்) கொடுத்து அந்தக் கோப்பைத் தேடுங்கள். கடந்த 12 மணி நேரத்துக்குள் தொட்டிருந்தால் கோப்பு கிடைக்கும், உடனே வெளியேறிவிடலாம்.

24 மணி நேரம் என்று வைக்காதீர்கள். இன்று 2:30-க்குத் தொடங்கி 2:40-க்கு முடிந்தால், நாளை 2:30-க்கு 24 மணி நேரம் ஆகியிருக்காது. வேலை 3:30-க்குத் தள்ளிப்போகும், மறுநாள் 4:30-க்கு.

படி 6: ஒருநாள் கழித்து எண்ணிப் பாருங்கள்

சர்வர் தன் நடப்புகளைப் பதிந்துவைக்கும் சிஸ்லாக் கோப்பில் க்ரான் என்று தேடினால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி இருக்கும். அது அழைத்த எண்ணிக்கைதான். எஃப்லாக் விலக்கியதும் அடையாளக் கோப்பு தடுத்ததும்கூட அதில் சேரும். உண்மையில் வேலை எத்தனை முறை நடந்தது என்று தெரிய, அந்தச் சோதனைக்குப் பிறகு வரும் வரியில் தேதியும் நேரமும் தனிக் கோப்பில் எழுதும்படி ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.