சிறிய கணக்காய்வு நிறுவனம் நிலைத்தன்மைப் பணியை எங்கிருந்து தொடங்கலாம்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய கணக்காய்வு நிறுவனமானாலும், சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் பேணும் நிலைத்தன்மை உறுதிமொழியை எழுத உட்காரும் முன், கடந்த பன்னிரண்டு மாத தெனாகா நேஷனல் மின்சாரப் பில்களை எடுத்து, அவற்றில் அச்சிடப்பட்டுள்ள கிலோவாட் மணி அளவை ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரிங்கிட் தொகையை மட்டும் பார்த்தால், கட்டண விகிதம் மாறும்போது கணக்கு ஏமாற்றிவிடும். நம் ஊர் வெயிலில் மின்சாரத்தை விழுங்குவது பெரும்பாலும் குளிர்சாதனமே என்பதால், அதை 24 பாகை செல்சியஸுக்குக் கீழே இறக்காதிருப்பதே முதல் வேலை. கோட்டு அணிந்த பங்குதாரர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

சமூகப் பொறுப்பில், ஆண்டுக்கொரு முறை தமிழ்ப்பள்ளியில் மாதிரிக் காசோலையுடன் படம் எடுத்துக்கொள்வதைவிட, அப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கைக் கட்டணமின்றிச் சரிபார்த்துக் கொடுப்பதே உங்கள் தொழிலுக்கு அழகு. பண நன்கொடை தருவதானால், பெறும் அமைப்பு 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் வரிக்கழிவுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று முன்பே பார்த்து, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.