யூ-பூட் அமைப்புகளை எப்போது சேமிப்பது

கல்லடியில் நான் வைத்திருக்கும் சிறிய திருத்தகத்தில் வேலை பழகும் தம்பி, பழைய ரவுட்டர் ஒன்றின் யூ-பூட்டில் (கருவி எழும்பும்போது லினக்ஸுக்கு முன்னால் ஓடும் தொடக்க நிரல்) அரை மணித்தியாலம் இருந்து செய்த மாற்றங்கள் யாவும், மின்சாரம் நின்று வந்ததும் காணாமற்போனதைப் பார்த்து, "அண்ணன், போனில எல்லாம் தானாச் சேவ் ஆகுது, இதுல மட்டும் ஏன் ஆகல்ல?" என்று கேட்டார். ஆகாமலிருப்பதே நல்லது என்றேன்.

யூ-பூட்டில் 'செட்என்வ்' கட்டளையால் மாற்றுவது எதுவும் ரேமில் மட்டுமே நிற்கும்; 'சேவ்என்வ்' கொடுத்தால்தான் அது மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் சிப்பில் எழுதப்படும். ஆகவே பிழையான முகவரியைக் கொடுத்துக் கருவி எழும்பாமல் நின்றுவிட்டாலும், மின்வயரைக் கழற்றிச் செருகியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வேலையைத் தொடங்குமுன், 3.3 வோல்ட் சீரியல் வயரை இணைத்து, வேகத்தை வழமையான 115200 இல் வைத்து, கருவி தொடங்குகையில் திரையில் எண்ணிக்கை இறங்கும்போது ஒரு விசையை அழுத்தி உள்ளே செல்லுங்கள். முதலில் 'பிரின்ட்என்வ்' கொடுத்து, திரையில் வரும் அனைத்தையும் கணினியில் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பல கருவிகளில் மேக் முகவரியும் (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) அதற்குள்தான் இருக்கும். பிறகு மாற்றத்தைச் செய்து, சேமிக்காமலே 'பூட்' கொடுத்து, லினக்ஸ் முழுமையாக எழும்பி வலையமைப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரியென்றால் கருவியை மீளத் தொடக்கி, அதே வரியைத் திரும்பவும் தட்டச்சுச் செய்து (முதல் தடவை செய்தது ரேமோடு போய்விட்டது), அதன்பிறகே சேமியுங்கள். இரண்டு தடவை தட்டுவது சலிப்புத்தான். கோப்பிலிருந்து ஒட்டினால் எழுத்துப்பிழையும் வராது.

சேமிக்கும் கணத்தில் யூ-பூட் ஃபிளாஷின் ஒரு பகுதியை முதலில் அழித்து, பின்னரே எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால் தரவு பழுதில்லையா என்று பார்க்கும் சிஆர்சி சரிபார்ப்புப் பொருந்தாமல், அடுத்த தடவை உள்ளிருக்கும் இயல்பு அமைப்புக்குப் போய்விடும். இரண்டு பிரதிகள் வைக்கும்படி கட்டப்பட்ட யூ-பூட்டில் இந்த ஆபத்துக் குறைவு. எப்படியிருந்தாலும், மாரி மழையில் கரண்ட் விட்டு விட்டு வரும் நாட்களில் நான் யூபிஎஸ் இல்லாமல் சேமிப்பதில்லை.

மிகவும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது 'பூட்டிலே' (bootdelay) என்ற மாறி; விசையழுத்தத்துக்காக எத்தனை விநாடி காத்திருப்பது என்பதை அது சொல்லும். அதை -2 ஆக்கினால் விசையழுத்தத்தைப் பாராமலே கருவி தொடங்கிவிடும். ஒருமுறை அவசரத்தில் அப்படிச் சேமித்துவிட்டேன். லினக்ஸைத் தொடக்கும் பூட் வரியும் பிழையாக இருந்ததால் உள்ளே நுழைய வழியில்லாமற்போய், எட்டுக்கால் சிப்பில் கிளிப் மாட்டி, சிப்பில் நேரடியாக எழுதும் புரோகிராமர் கருவியால் பழைய பதிவை எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. தானியங்கிச் சேமிப்பு இருந்தால் அந்த மாலை அடிக்கடி வரும்.

தானாக எழுதுவதை நான் ஏற்பது ஓரிடத்தில் மட்டும். மென்பொருளைப் புதுப்பித்தபின் கருவி எத்தனை தடவை எழும்ப முயன்றது என்பதை 'பூட்கவுன்ட்' எண்ணி, எல்லை கடந்தால் மாற்றுக் கட்டளைக்குப் போகும். அந்த எண்ணிக்கை மின்சாரம் போனாலும் நிலைக்க வேண்டும். அங்கேயும், அமைப்புப் பகுதியில் எண்ணிக்கையை வைக்கும் யூ-பூட், புதுப்பித்தல் நடந்ததாகக் குறியிட்டிருந்தால் மட்டுமே ஃபிளாஷில் எழுதும்.